கடுவன் பூனைக்கு நெத்திலிப் பொடி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எந்தக் குறுக்குத் தெருவிலும் காலை ஏழரை மணிக்கு ஒரு பூனையைக் கூப்பிட்டுப் பாருங்கள், வராது. அது ஏதாவது ஒரு மதில்மேல் உட்கார்ந்து அருள்மேரியின் மொபெட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். வண்டியின் பின்னால் இரண்டு நீலப் பிளாஸ்டிக் கிரேட்டுகள், மேலே ஈரச் சாக்கு, முன்னால் தராசு. ஹாரன் கெட்டுப்போய் நாலு வருஷம் ஆகிறது. அதை அவள் சரிசெய்யவில்லை, அவசியமும் இல்லை. "வஞ்சரம், சங்கரா, நெத்திலி" என்று முதல் தெருவில் ஆரம்பித்தால் மூன்றாவது தெருவில் குக்கரை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள்.

அருள்மேரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், கூவம் கரையில். நடக்கக் கற்றுக்கொண்டதே மீன் செதிலில் வழுக்கி விழுந்துதான் என்பாள். பிறகு ஒருநாள் அரசாங்கம் வந்து, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைத்தது. லிஃப்ட் ஓடாத நாட்களில் பாதுகாப்பு இன்னும் அதிகம், ஒருவராலும் கிட்டே வர முடியாது. கூட வந்தவர்கள் அழுதார்கள். ஆட்டோ ஓட்டும் கணவன் சேட்டு இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. அருள்மேரி மட்டும் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தாள். ஈ எட்டாத உயரம், மறைக்க ஒரு மரம் இல்லாத வெயில்.

"கருவாடு காயப்போட இத்த மாதிரி எடம் மெட்ராசுலயே கெடையாதுய்யா" என்றாள். அடுத்த வாரம் மாடி முழுக்க நெத்திலி.

அவளிடம் மீன் வாங்கினால் ஆலோசனை இலவசம். ஆலோசனை வேண்டாம் என்கிறவர்களுக்கு மீனும் கிடையாது. எந்த மீனுக்கு எவ்வளவு புளி, எந்த மாப்பிள்ளைக்கு எந்த மீன், எந்தப் பல் டாக்டர் நல்லவர், எல்லாம் சொல்வாள். பூனை விஷயத்தில் தனிச் சாஸ்திரமே வைத்திருந்தாள். குட்டி போட்ட பெட்டைக்கு மத்தி. பால் மறந்த குட்டிக்குக் காரப்பொடி மீன். பல் போன கிழட்டுப் பூனைக்கு முள் எடுத்த சங்கரா. கடுவனுக்கு நெத்திலி. ஏன் கடுவனுக்கு நெத்திலி என்று கேட்ட ஒருவருக்கு, "நீ இன்னா மாட்டாஸ்பத்திரி காலேஜா?" என்ற விளக்கம் கிடைத்தது. இந்தச் சாஸ்திரம் தப்பு என்று எந்தப் பூனையும் வந்து புகார் செய்ததில்லை. தெருப் பூனைகள் பெரும்பாலும் மூன்று வயசுக்குள் தண்ணி லாரிக்கோ நாய்க்கோ போய்ச் சேர்ந்துவிடுவதால், புகார் செய்ய அவகாசமும் இருந்ததில்லை.

நான்காவது குறுக்குத் தெருவில் தோத்தாத்ரி இருந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். திருமண் இட்டுக்கொள்ளாமல் கேட்டில் தொங்கும் பால் பையைக்கூட எடுக்க மாட்டார். மனைவி காலமாகி ஆறு வருஷம். மகள் விஷ்ணுப்ரியா டப்ளினுக்கு வேலைக்குப் போனபோது, "ஆறே மாசம்ப்பா" என்று தன் பூனையை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள். அதற்கு இப்போது மூன்று வருஷம். சாம்பல் நிறம், வெள்ளை மார்பு, ஆறு கிலோ, குடும்பக் கட்டுப்பாடு முடிந்தது. மகள் வைத்த வெள்ளைக்காரப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ஆபீசில் தனக்குக் கீழே இருந்து, ஒரு வேலையும் செய்யாமல், எப்போதும் திருப்தியான முகத்தோடு பிரமோஷன் வாங்கிக்கொண்டு போன ஒருவர் ஞாபகமாக சம்பத் என்று வைத்துவிட்டார். பெயர் பொருந்திவிட்டது.

சம்பத்துக்குப் பாக்கெட்டில் வரும் உலர்ந்த தீனியும் தயிர் சாதமும். இரண்டரை வருஷம் பொறுத்தது. பிறகு, மொபெட் சத்தம் கேட்டால் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தது. குழந்தையைக் கிள்ளினாற்போல ஓர் அழுகை. தோத்தாத்ரி காதைப் பொத்திக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார், பிறகு டிவியைச் சத்தமாக வைத்தார். மூன்றாவது வாரம் கொல்லைப்புறச் சந்தில், மோட்டார் ரூமுக்குப் பின்னால், அருள்மேரியைச் சந்தித்தார்.

"மேரிம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசு. ஈரமா இருக்கப்படாது. ரத்தம் தெரியப்படாது. வாசனையும் வரப்படாது. அந்த மாதிரி மீன் ஏதாவது இருக்கா?"

"சார், நீ கேக்கறது மீனே இல்ல, பிஸ்கோத்து."

"இல்லையா அப்போ?"

இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் அருள்மேரி. நெத்திலிக் கருவாட்டை ஏழாவது மாடிக்கு மேலே இன்னும் மூன்று நாள் சுண்டக் காயவைத்தாள். வெறும் சட்டியில் வறுத்து, முள்ளோடு மிக்ஸியில் அரைத்து, காலி காபித்தூள் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தாள். பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள். மணல்போல ஓடியது.

"பாத்தியா? ஒரு சொட்டு ஈரம் கெடையாது. தீனி மேல ஒரு ஸ்பூன் தூவு. கடுவனுக்கு எலும்பு இரும்பாயிடும்."

சம்பத் தட்டை நக்கிய நக்கலில் தட்டு ஓரடி நகர்ந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரு ஸ்பூன். தோத்தாத்ரியின் கைப்பேசியில் அருள்மேரி 'பூக்காரம்மா' ஆனாள். பாட்டில் தீர்ந்தால், "பூ வேணும்" என்று செய்தி போகும். இந்த ரகசியத்தை அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். அருள்மேரி ஒரே வாரத்தில் மேலும் நாலு வீட்டுக் கடுவன்களுக்குப் பொடியைப் பழக்கிவிட்டாள். "ஐயங்கார் வூட்டுப் பூனையே துண்ணுது, உன் பூனைக்கு இன்னா?" என்பதுதான் அவள் விளம்பரம்.

ஆறு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, நான்காவது குறுக்குத் தெருவுக்குள் அவள் திரும்பியபோது, தோத்தாத்ரி வாசல் கேட்டைத் திறந்துபோட்டுத் தெருவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"மேரிம்மா! இங்க வா! சீக்கிரம்!"

"இன்னா சார், வாசல்லயே கூப்புட்ற? ஒடம்பு கிடம்பு நல்லாத்தானே கீது?"

"சம்பத் நேத்திக்கு சாயங்காலத்துலேர்ந்து சாப்பிடலை. மண் தட்டுல போய்ப் போய் உக்காரறான், முக்கறான், கத்தறான். ஒண்ணும் வரலை. மலச்சிக்கல்தான், நெட்ல பாத்துட்டேன். விளக்கெண்ணெய் அரை ஸ்பூன் குடுத்தேன், கேக்கலை. இப்போ ஒரு ஸ்பூன் குடுக்கணும். காலைப் பிடிச்சுக்க ஆள் இல்லை, நீ வந்து பிடிச்சுக்கோ."

அருள்மேரி அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தாள். சம்பத் மண் தட்டில் குந்தியிருந்தது. எழுந்து நாலடி நடந்து, தரையில் குந்தியது. பின்னங்காலைத் தூக்கி அடியில் நக்கியது. திரும்பத் தட்டுக்கு வந்தது. குந்தியது. மண் காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது.

அவள் வெளியே போய்ப் பச்சை நெத்திலி ஒன்றை எடுத்துவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். சம்பத் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முப்பது வருஷத் தொழிலில் அவளிடம் மீன் வேண்டாமென்ற முதல் பூனை அதுதான்.

தோத்தாத்ரி ஸ்பூனில் எண்ணெயை ஊற்றினார். அருள்மேரி பூனையின் முகத்தையே பார்த்தாள். கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, வாய் பாதி திறந்திருந்தது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். பிடிபட்டது. சேட்டு! இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கல் அடைத்துக்கொண்டபோது, ஒரு பகல் முழுக்க பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் இதே நடைதான் நடந்தான், இதே முகத்தோடு. வாயு என்று ஊரே சொன்னது. இவளே ஓம வாட்டர் கொடுத்தாள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் குழாய் போட்டபிறகுதான் மனுஷனுக்குப் பேச்சு வந்தது.

கீழே உட்கார்ந்து, பூனையின் அடிவயிற்றில் இரண்டு விரலை, முட்டையைத் தொடுகிற மாதிரி வைத்தாள். உள்ளே எலுமிச்சம்பழம்போல ஒன்று கெட்டியாக இருந்தது. சம்பத் உறுமியது. கையை எடுத்துவிட்டாள்.

"சார், எண்ணெய கீழ வெய்யி."

"மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய்தான்னு..."

"இது பின்னால போற சமாச்சாரம் இல்ல சார். முன்னால போற சமாச்சாரம். மூத்திரம் அடைச்சிகினு கீது. என் வூட்டுக்காரனுக்கு வந்த அதே பேஜாரு. பூன டாக்டரு எங்க கீறாரு?"

தோத்தாத்ரி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். "ராஜகீழ்ப்பாக்கம் போற வழியில ஒரு கிளினிக் இருக்கு. கார் புக் பண்றேன். பதினாலு நிமிஷம் காட்டறது. பூனைக் கூடை பரண்ல இருக்கு, ஏணி..."

"நீ ஏணி ஏறி எறங்கற வரைக்கும் அது உசுரோட இருக்கணுமே. வண்டில குந்து."

இரண்டு கிரேட் மீனையும் அப்படியே அவர் வீட்டு வாசலில் இறக்கினாள். ஒன்றைக் காலி செய்து, அலசி, கொடியில் தொங்கிய அவர் வேட்டியை மெத்தையாக மடித்துப் போட்டு, சம்பத்தை உள்ளே வைத்து, மேலே துண்டால் மூடினாள். கேம்ப் ரோட்டில் அன்று காலை பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒரு காட்சி கண்டார்கள். பளிச்சென்ற திருமண்ணோடு ஒரு பெரியவர், மீன்காரியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மீன் கிரேட்டை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சிக்னல்ல நிக்காதே, போ, போ!" என்று கத்திக்கொண்டு போனார். முப்பத்தைந்து வருஷம் சிக்னலைக் கட்டிக் காத்தவர் வாயிலிருந்து வந்தது அது. வாசலில் விட்டுவந்த மீனை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையே வேண்டாம். நான்காவது குறுக்குத் தெருப் பூனைகள் பார்த்துக்கொண்டன.

கிளினிக்கில் சம்பத்தின் வயிற்றைத் தொட்ட உடனே டாக்டர் ஜென்சியின் முகம் மாறியது. முப்பது வயசுகூட இருக்காது, ஆனால் பேச்சில் தயக்கம் கிடையாது.

"ஃபுல்லா ப்ளாக் ஆயிருக்கு சார். உடனே மயக்கம் குடுத்து ட்யூப் போடணும். யாராவது அமுக்கினீங்களா?"

"தொட்டேன். அமுக்கல" என்றாள் அருள்மேரி.

"நல்ல வேளை. அமுக்கியிருந்தா கிழிஞ்சிருக்கும். சார், சாப்பாடு என்ன குடுக்கறீங்க?"

"டிரை ஃபுட். அப்புறம் தயிர் சாதம்."

"மீன்?"

தோத்தாத்ரி பக்கவாட்டில் பார்த்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோகிலவாணி, மூக்கடைத்த தன் நாயை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பதிலுக்காகவே டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்போல இருந்தார்.

"எங்காத்துலயா? சேச்சே" என்றார் தோத்தாத்ரி.

டாக்டர் எழுதிக்கொள்ளப் போனார். அருள்மேரி தன் வாழ்நாளிலேயே மிக அதிக நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான். சுமார் நாலு விநாடி. பாட்டிலைக் கொடுத்தது அவள். அது தெரியவந்தால் கேம்ப் ரோட்டில் அவள் வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கிரேட்டுக்குள் வேட்டிமேல் படுத்திருந்த பிராணி மூச்சை இழுத்து இழுத்து விட்டது.

"டாக்டரம்மா, சாரு வெக்கப்படுறாரு. நெத்திலிக் கருவாட்டுப் பொடி. தெனம் ரெண்டு தபா, ஆறு மாசமா. செஞ்சது நானு, குடுத்தது நானு. எழுதிக்கோ."

"தோத்தாத்ரி சார்!" என்றார் கோகிலவாணி.

தோத்தாத்ரி எழுந்து நின்றார். "ஆமாம்மா, கருவாடு. நன்னா பெரிசா எழுதிக்கோங்கோ டாக்டர். சங்கத்து நோட்டீஸ் போர்டுலயும் போட்டுக்கட்டும். என் பூனையைப் பிழைக்க வையுங்கோ."

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். கையிலிருந்த பையில் பீட்ரூட் தண்ணீர் மாதிரி சிவப்பாக மூத்திரம்.

"ட்யூப் போயாச்சு. கிட்னி ரிப்போர்ட் கொஞ்சம் மோசம்தான், டிரிப்ஸ் ஏத்தினா அந்த அளவு இறங்கும்னு நினைக்கிறேன். மதியம் வரைக்கும் விளக்கெண்ணெயோட இருந்திருந்தீங்கன்னா, நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். சனிக்கிழமை காலையில ட்யூப எடுப்பேன். அதுக்கப்புறம் அவனா போகணும். போகலைன்னா மறுபடி அடைச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ நிலைமை கஷ்டம் சார்."

அருள்மேரிக்கு ஒரு விஷயம் மட்டும் இறங்கவில்லை. "ஏம்மா, மீனு கெடுதலா? பூன மீனு துண்ணாம புல்லா துண்ணும்?"

"பூனை எந்தக் கடல்ல போய் வலை போட்டுது அக்கா? அது எலி பிடிக்கற ஜாதி. எலி உடம்புல முக்கால்வாசி தண்ணி. அதனால பூனை தனியா தண்ணி குடிக்கவே யோசிக்கும், சாப்பாட்டுலேர்ந்துதான் எடுத்துக்கும். நீங்க தண்ணி இல்லாத தீனி மேல தண்ணி இல்லாத மீனைத் தூவியிருக்கீங்க. அதுல உப்பு வேற, முள்ளோட அரைச்ச சத்து வேற. மூத்திரம் சுண்டிச் சுண்டி உள்ள மணல் கட்டிடுச்சு. பெட்டைக்கு வழி அகலம், தள்ளிடும். கடுவனுக்கு நுனியில ஊசி ஓட்டை அளவுதான். ஒரு குருணை போதும், மூடிக்கும்."

"அப்ப எல்லாம் என் பொடியாலதான்?"

"பொடி மட்டும்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். குண்டு, வெளிய போகாம வீட்டுக்குள்ளயே இருக்கறது, அதெல்லாமும் சேரும். ஆனா பொடி வேண்டாம். மீன் குடுத்தே ஆகணும்னா, உப்பில்லாம வேகவச்சு, முள் எடுத்து, வெந்த தண்ணியோட, எப்பவாவது."

அன்று பெரும்பாக்கம் திரும்பி, அருள்மேரி நேராக மொட்டைமாடிக்குப் போனாள். பாயில் புது நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை ஒடித்துப் பார்த்தாள். டக்கென்று ஒடிந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. எதைச் சொல்லி விற்றாளோ, அதுதான் சம்பத்தை அடைத்தது.

வியாழக்கிழமை காலை வழக்கத்தைவிட அரை மணி முன்னாலேயே கேம்ப் ரோட்டில் குரல் கேட்டது. வஞ்சரத்தையும் காணோம், சங்கராவையும் காணோம்.

"கடுவன் வெச்சிகினு கீறவங்க எல்லாம் கேட்டுக்கோ! கருவாட்டுப் பொடி இனிமே கெடையாது! குடுத்த பாட்டில திருப்பிக் குடு! தண்ணி வெய்யி, நாலு எடத்துல வெய்யி!"

பொடி வாங்கிய நாலு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். மூன்று வீட்டில் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது தெரு ரத்தினபாய் மட்டும் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எம் பூனைக்கு ஒண்ணுமே ஆவலியேக்கா. நல்லாத்தானே துண்ணுது?"

"துண்றத யாரு கேட்டா? போவுதா, அத்தச் சொல்லு. காலைல மண்ணு நனைஞ்சிதா?"

"அதையெல்லாம் யாருக்கா குனிஞ்சு பாக்கறது?"

"நீதான் பாக்கணும். சாரு வூட்டுப் பூன குழாயோட படுத்துகினு கீது. நான் குடுத்த பொடிதான். என் வாயால சொல்றேன், அப்புறம் இன்னா? பாட்டில எடு."

நாலு பாட்டிலையும் எல்லோரும் பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தாள். தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நம்மிடையே ஒரு சம்பிரதாயம் உண்டு. அருள்மேரிக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. புதன்கிழமைவரை நெத்திலிக்கு இருந்த அதே உறுதி வியாழக்கிழமை தண்ணீருக்கு வந்தது. குரலில் ஒரு நூல் இறங்கவில்லை. கேட்டவர்களும் அவள் பயந்தபடி நடந்துகொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் தலையாட்டியதைவிட இப்போது வேகமாகத் தலையாட்டி, வீட்டுக்குள் போய்க் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைத்தார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சம்பத்தின் ட்யூபை எடுத்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு ஒரு கூண்டில், பக்கத்தில் மண் தட்டோடு இருந்தது. கூண்டுக்கு முன்னால் ஒரு பெஞ்சில் தோத்தாத்ரியும் அருள்மேரியும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் கைப்பேசி. அதற்குள்ளே டப்ளினிலிருந்து விஷ்ணுப்ரியா.

"அப்பா, போச்சாப்பா?"

"இல்லைம்மா. உக்காந்தான், எழுந்துட்டான்."

பதினொன்று. சம்பத் குந்தியது. காலைத் தூக்கி நக்கியது. எழுந்துவிட்டது. தோத்தாத்ரி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அருள்மேரி எழுந்துபோய் வாஷ் பேசின் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டாள்.

"என்ன அக்கா பண்றீங்க?" என்றார் அந்தப் பக்கம் வந்த டாக்டர்.

"தண்ணி சத்தம் கேட்டா வரும். சேட்டுக்கு வந்திச்சி."

"பூனைக்கு அதெல்லாம் வேலை செய்யாது அக்கா."

"நீ வைத்தியம் பண்ணிட்டே, நான் குறுக்க வந்தனா? என்னை ஒரு தபா பண்ண வுடு."

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு மீண்டும் குந்தியது. ஒரு சொட்டு. தோத்தாத்ரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டு விழுந்தால் வழி திறந்திருக்கிறதா, மூடிக்கொண்டு வருகிறதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டே முக்காலுக்குச் சம்பத் எழுந்து, சோம்பல் முறித்து, தட்டுக்குப் போய், வளையம் இடிக்க இடிக்க மண்ணைக் கீறியது. குந்தியது. இந்த முறை முக்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பிரமோஷன் கடிதம் கைக்கு வந்தவர்போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. மண்ணில் ஒரு ஈர வட்டம் தோன்றியது. வடைபோல ஆனது. ஊத்தப்பம்போல விரிந்தது.

"போறான்! ப்ரியா, போறான்! இதோ பாரு, இன்னும் போயிண்டே இருக்கான்!" தோத்தாத்ரி கைப்பேசியைக் கூண்டுக் கம்பியில் வைத்து அழுத்தினார். டப்ளினில் ஒரு பெண் ஒரு பூனை மூத்திரம் போவதைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள்.

அருள்மேரி குழாயை மூடிவிட்டு வந்தாள். ஈர மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, இதுவரை யாரிடமும் கேட்டிராத தொனியில் கேட்டாள்.

"நாளைக்கும் போவானாம்மா?"

"தண்ணி உள்ள போனா போவான் அக்கா. குடிக்க வைக்கிறதுதான் கஷ்டம்."

"குடிப்பான்" என்றாள் அருள்மேரி. சம்பத்திடம் யாரும் கேட்கவில்லை.